கடுகெண்ணெய்ப் பந்தி

மலைமேல் குண்டனி நாடு என்கிற வட்டாரத்தில் பதினெட்டு வீடுகள் மட்டுமே உள்ள அந்த ஊரில், மாதேஸ்வரன் பேசினால்தான் செய்தி. பேசாமல் இருப்பது அவன் வழக்கம். விடிந்ததும் தன் அரை ஏக்கர் காட்டுக்குப் போவான், வரப்பில் உட்காருவான், எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான். எதைப் பார்க்கிறான் என்று ஆரம்பத்தில் ஊர்க்காரர்களும் அந்தத் திசையில் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. நாளடைவில் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் படிப்பது. மலையில் புத்தகக் கடை ஏது? போண்டா கட்டிக் கொடுக்கும் காகிதத்தைப் படிப்பான். போண்டா ஆறினாலும் பரவாயில்லை என்று காகிதத்தைத் தொடையில் வைத்து நீவி, எண்ணெய் ஊறிய எழுத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முடிப்பான். இதனால் அவனுக்குப் பாதி தெரிந்த விஷயங்கள் ஏராளம். பாகம் பிரித்ததில் அண்ணனைக் கொன்றது தம்பியா, கணக்குப்பிள்ளையா என்று தெரியாமல் ஒரு தொடர்கதை ஆறு வருடமாக அவன் நெஞ்சில் கிடந்தது.

போன வருடம் ஆவணியில் அப்படித்தான் அந்தத் தாள் வந்தது. ஏதோ விவசாயப் பத்திரிகையின் பக்கம். வடக்கே லட்சக்கணக்கான ஏக்கரில் கடுகும் அதன் பங்காளியான ரேப்சீடும் விளைகின்றன என்றது. குளிர் பிடிக்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, நூற்றுப்பத்து நாளில் அறுவடை, அங்கெல்லாம் சமையலே அந்த எண்ணெயில்தான் என்றது. கடைசி வரி இப்படி இருந்தது: 'இந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்துவோர் முதலில் மறவாமல்.' அதோடு தாள் கிழிந்திருந்தது.

மறவாமல் என்ன செய்ய வேண்டும்? மாதேஸ்வரன் மூன்று நாள் யோசித்தான். நான்காம் நாள் அந்த யோசனையை நிறுத்தாமலேயே, கடுகு விதைப்பது என்று முடிவு செய்தான்.

"கடுகா?" என்றாள் பாப்பாத்தி. அவன் மனைவி. இரண்டு பேருக்குமான பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள். "தாளிக்க ஒரு டப்பாக் கடுகு இருந்தா ஊட்டுக்கு ஆறு மாசத்துக்குப் போதுமுங்க. அரை ஏக்கராக் கடுகை வெச்சு எதைத் தாளிக்கப் போறீங்க? மலையவா?"

"எண்ணெய்" என்றான் மாதேஸ்வரன்.

"எண்ணெயா? தனபாலு என்ன சொல்லுவான்?"

தனபால் அவளுடைய தம்பி. அந்த அரை ஏக்கரை ஒட்டினாற்போல், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளியான அவனுடைய குச்சிக்கிழங்குத் தோட்டம். மாதேஸ்வரன் காட்டில் எந்த வருடம் என்ன போடுவது என்பதைப் பத்து வருடமாகத் தனபால்தான் சொல்லிவந்தான். மாதேஸ்வரன் மறுபேச்சுப் பேசியதில்லை. அவன் எந்தப் பேச்சுமே பேசாதவன் என்பதால், சம்மதித்தானா என்றும் யாருக்கும் தெரியாது.

தனபாலுக்கு எல்லாம் நன்றாக இருந்தது, மூக்கைத் தவிர. பதினோரு வருடமாக இரண்டு துவாரமும் அடைப்பு. ராசிபுரம் ஆஸ்பத்திரி, ஆவி பிடிப்பது, மிளகுக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அவன் படுக்கிற அறையின் சுவரை ஒட்டித்தான் ஆட்டுக்கொட்டாய். உள்ளே நாலு கிடாய்கள். கொட்டாயைத் தள்ளிப் போடச் சொல்லி அவன் மனைவி சுமித்ரா வருடக்கணக்கில் மன்றாடினாள். "எங்க புள்ள நாறுது? உனக்குத்தான் மனசுல நாத்தம்" என்பது அவன் பதில்.

விஷயம் கேட்டு அவன் வந்தான்.

"பாபா, கிழங்குன்னா சேகோ பேக்டரி லாரி ஊட்டு வாசலுக்கே வருது. கடுகுக்கு எது வரும்? எறும்பு வரும்" என்றான். அந்த மூக்குக்கு 'மாமா' என்பது 'பாபா' என்றுதான் வரும். "காட்ட என்கிட்ட விடுங்க. கிழங்கு வெச்சு நானே பாத்துக்கறேன்."

மாதேஸ்வரன் வரப்பைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "இல்ல மாப்ள."

ஊரே திகைத்தது. பாப்பாத்தி இடுப்பில் கை வைத்து நின்று, அண்ணன் தம்பி வழக்கைத் தீர்க்கிறவள் மாதிரி தீர்ப்புச் சொன்னாள். "ஒரு வெள்ளாம போடுங்க. எண்ணெயும் எடுங்க. பங்குனிப் பொங்கல் பந்தியில அந்த எண்ணெய ஊத்தலாம். ஊர்ல ஒரே ஒருத்தராச்சும் இன்னொரு கரண்டி வேணும்னு வாய் தெறந்து கேட்டாப் போதும், காடு உங்க இஷ்டம். யாரும் கேக்கலீன்னா அடுத்த வெள்ளாமைக்குத் தம்பிகிட்ட விட்டுரணும். பேசுங்க."

"ம்" என்றான் மாதேஸ்வரன். அது ஒப்பந்தம் ஆயிற்று.

விதை கொண்டு வந்தது சசிகுமார். அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிக்காரன், லாரி ஓட்டுகிறவன். முட்டையோ மஞ்சளோ ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். ராஜஸ்தானிலிருந்து ஒரு மஞ்சள் பையில் இரண்டு கிலோ விதை வாங்கி வந்து கொடுத்தான்.

மாதேஸ்வரன் பைக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். "கடுகா, ரேப்சீடா?"

"அங்க எல்லாத்துக்கும் ஒரே பேருதாங்கண்ணா. சர்சோன்னு சொல்லுவாங்க. வேற ஏதாச்சும் கேக்கணுமாங்கண்ணா?"

மாதேஸ்வரன் பைக்குள் பார்த்தான். சசிகுமார் ஐந்து நிமிடம் நின்றான். பத்து நிமிடம் நின்றான். தொண்டையைக் கனைத்தான். பிறகு சத்தம் காட்டாமல் மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய், வளைவு தாண்டித்தான் ஸ்டார்ட் செய்தான்.

ஐப்பசியில் விதைத்தது கார்த்திகை முடிவில் பூத்தது. அரை ஏக்கர் முழுக்க மஞ்சள். அருவி பார்க்க வந்த ஜனம் காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போட்டோ எடுத்தது. கல்யாண மாலையோடு ஒரு ஜோடியே வந்து படுத்துப் பார்த்தது. பாப்பாத்தி மண்வெட்டியோடு ஓடி அவர்களை எழுப்பினாள். தேனீக்கள் வந்தன. தனபால் வரப்பில் நின்று, "பூவத் திங்க முடியுங்களா பாபா?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனான்.

நாற்பத்தாறு வயதில் மாதேஸ்வரன் தானாக முடிவு செய்து விதைத்த முதல் காடு அது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. இதை யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றும். சொல்ல எழுந்து வருவான். வீட்டுக்கு வருவதற்குள் சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிடும்.

மறவாமல் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மறவாமல் நிலத்தை வணங்க வேண்டுமா? மறவாமல் முன்னோரை நினைக்க வேண்டுமா? ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் பாப்பாத்தியிடமே தாளைக் காட்டினான்.

"மறவாமல் பொண்டாட்டியக் கேட்டுக்கவும்னு போட்டிருக்கும். அத எலி தின்னுருக்கும்" என்றாள் அவள்.

தை கடைசியில் அறுத்தார்கள். அடித்துத் தூற்றி, ஒரு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு முள்ளுக்குறிச்சி அருணாசலத்தின் செக்குக்குப் போனான் மாதேஸ்வரன். கரண்டில் ஓடும் மரச்செக்கு. நிலக்கடலையும் எள்ளும் தவிர அது வேறெதையும் அறியாது. கடுகைக் கொட்டிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அரைபட ஆரம்பித்ததும் அருணாசலம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"ஏனுங்க மாதேசு, இதென்ன சாமி வெளஞ்சிருக்குது உங்க காட்டுல? போலீஸ்காரன் கூட்டத்தக் கலைக்க வீசுவானே, அதா?"

"எண்ணெய்ங்க."

"எண்ணெய்தான், இல்லீங்கல. நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்தீங்களா?"

மாதேஸ்வரன் தலையாட்டி மறுத்தான். பார்க்க முடியாது. புதுப்பயிர் எதுவானாலும் முதல் விளைச்சலைச் சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவன் ஊர்க் கட்டு. அதற்கு மேலும் மூன்று கட்டுகள் உண்டு. சாமி சோற்றைக் குறை சொல்லக் கூடாது. இலையில் மீதி வைக்கக் கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியை விட்டு யாரும் எழக் கூடாது. பேசாமல் உட்கார வேண்டிய கட்டு என்பதால் மாதேஸ்வரனுக்கு அந்தப் பந்தி எப்போதுமே பிடிக்கும்.

ஒரு டின் நிறைய எண்ணெயோடு மலையேறினான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டின் மடியில்தான் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பத்தாவது வளைவில் எழுந்து போய் நின்றுகொண்டார். வாந்தி வருகிறதோ என்று மாதேஸ்வரன் அவருக்காக வருத்தப்பட்டான்.

பங்குனிப் பொங்கலன்று கோயில் வாசலில் ஊர் மொத்தமும் இரண்டு வரிசையாக உட்கார்ந்தது. ஆவி பறக்கச் சாமைச்சோறு. அதன் மேல் மொச்சைக் குழம்பு. நல்லெண்ணெய் ஊற்றுகிற இடத்தில் இந்த வருடம் புது எண்ணெய். பூசாரி அண்ணாமலை படைத்து முடித்ததும், மாதேஸ்வரன் தானே குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு போனான். நல்லெண்ணெயை எப்படி ஊற்றுவார்களோ அப்படியே, பச்சையாக, தாராளமாக. பரிமாறுகிறவன் பந்தி முடிந்துதான் சாப்பிட வேண்டும் என்பதால் கரண்டியோடு ஓரமாக நின்றான்.

முதல் கவளத்தில் வழக்கமான சலசலப்பு இருந்தது. உப்புக் கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள். மூன்றாவது கவளத்தில் சலசலப்பு நின்றது.

முழுதாக நின்றது. காக்கா கத்துவது கேட்டது. எங்கோ தொலைவில் பஸ் கியர் மாற்றுவது கேட்டது. மாதேஸ்வரன் எத்தனையோ வகை அமைதியை அனுபவித்தவன். விடியற்காலை அமைதி, மழைக்கு முந்தைய அமைதி, பாப்பாத்தி தாய்வீடு போன அமைதி. ஆனால் அறுபது பேர் சேர்ந்து இப்படியொரு அமைதியை உண்டாக்கி அவன் கேட்டதில்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு பூசாரி அண்ணாமலையின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. பக்தி என்று நினைத்தான் மாதேஸ்வரன். அடுத்து பொன்னாயியின் கண்கள் நிரம்பின. புருஷன் செத்த அன்றைக்கே அழாமல் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் பொன்னாயி. அவள் தேம்பினாள். கருப்பண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் ஓங்கி ஓங்கி அடித்தான். ஒருவர் விடாமல் அழுதார்கள். ஆனாலும் கட்டு கட்டுதான். குறை சொல்லக் கூடாது, மீதி வைக்கக் கூடாது, எழக் கூடாது. ஒவ்வொரு கவளத்தையும் தீமிதிக்கிறவர்கள் போல ஒரு மூச்சுப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

"ஏனுங்க" என்று வரிசையின் நடுவிலிருந்து பாப்பாத்தி கூப்பிட்டாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"ம்."

"நம்ம எண்ணெய்தானுங்களா ஊத்துனீங்க?"

"ம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாமியைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ரொம்ப நல்லாருக்குங்க. ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அந்த நேரத்தில்தான் சசிகுமார் பைக்கில் வந்து இறங்கினான். வடக்கே போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். பொங்கலுக்கு அழைத்திருந்தார்கள். கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஹெல்மெட்டைக் கழற்றினான், செருப்பை விட்டான், தலையைக் குனிந்துகொண்டு வந்து பூசாரியின் பக்கத்தில் மெல்லக் குந்தினான்.

"எப்பங்க ஆச்சு?" என்றான் தாழ்ந்த குரலில்.

அண்ணாமலைக்குப் பேச வரவில்லை. விரலால் இலையைக் காட்டினார்.

"அய்யோ சாமி! சாப்பிட்டுட்டு இருக்கறப்பவேவா? யாருங்க?"

அண்ணாமலை தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார். சசிகுமார் குழம்பிப்போய் மூச்சை இழுத்தான். இழுத்தவன் அந்த நெடியில் அப்படியே நிமிர்ந்தான். டின்னைப் பார்த்தான், மாதேஸ்வரன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான்.

"அண்ணா, இதக் காய வெச்சுத்தான ஊத்துனீங்க?"

மாதேஸ்வரன் அவனையே பார்த்தான்.

"கடுகெண்ணெய்ங்கண்ணா! புகை கெளம்பற வரைக்கும் நல்லாக் காய வெச்சு, ஆற வெச்சு, அதுக்கப்புறம்தான் சமையலுக்கு எடுப்பாங்க. காரம் செத்துரும். அங்க தாபாவுல எச்சித் தட்டு எடுக்கறவருக்குக்கூடத் தெரியுமே!"

"ஏண்டா சாமி, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அலறினாள் பாப்பாத்தி.

"கேட்டாத்தானுங்கக்கா சொல்லுவேன்! வேற ஏதாச்சும் கேக்கணுமான்னு நின்னேன். பத்து நிமிஷம் பைக்குள்ளயே பாத்துட்டு நின்னாருங்க. பயந்துபோயிக் கெளம்பிட்டேன்."

மாதேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தான். அப்படியானால் அதுதான். முதலில் மறவாமல் காய்ச்சவும். அவ்வளவுதான். ஏழு மாதமாக அந்த ஒரு சொல்லின் மேல் அவன் நிலத்தையும் முன்னோரையும் வைத்து அடுக்கியிருந்தான். கிழிந்த பாதியில் ஒரு வாணலிதான் இருந்திருக்கிறது. ஊரை அழவைத்ததைவிட அது கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. அதற்கும் அடியில், மெதுவாக, இன்னொன்று வலித்தது. யாரும் இனி இரண்டாவது கரண்டி கேட்கப் போவதில்லை. காடு போயிற்று. அடுத்த கார்த்திகையில் அங்கே மஞ்சள் இருக்காது.

பாப்பாத்தியும் அதைத்தான் நினைத்தாள் போலிருந்தது. திரும்பித் தம்பி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

தனபால் நிமிரவே இல்லை. தலை இலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்திருந்தான். உடம்பு முறுக்கிக்கொண்டது. பிறகு ஒரு தும்மல் வந்தது. கோயில் மணியே லேசாக அசைந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். இன்னொன்று வந்தது. மூன்றாவதில் எதிர் வரிசைக்காரர்கள் இலையைத் தூக்கிக்கொண்டார்கள்.

தனபால் மெல்லத் தலையைத் தூக்கினான். கண்ணீர் வழிய வழிய, வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்தான். அது உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா," என்றான், "கற்பூரம்!"

பந்தியே அவன் பக்கம் திரும்பியது.

"கற்பூரம் மணக்குதுக்கா! இது மொச்ச. இது சாமந்திப்பூவு. இது..." பக்கத்தில் திரும்பி ஒரு மூச்சு இழுத்தவன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். "கருப்பண்ணா, இந்தத் துண்டத் தொவச்சு எத்தன நாளாச்சு?"

"போன பொங்கலுக்கு" என்றான் கருப்பண்ணன், அழுதுகொண்டே.

தனபால் காற்றை அள்ளி அள்ளி இழுத்தான். பதினோரு வருட பாக்கியை ஒரே மூச்சில் வசூலித்துவிடப் பார்த்தான். ஆனால் எண்ணெயின் வேகம் குறையக் குறைய இடது துவாரம் மெல்ல மூட ஆரம்பித்தது. அவன் முகத்தில் பீதி வந்தது. இலையைப் பார்த்தான், ஊற்றிய எண்ணெய் காலி. டின்னைப் பார்த்தான்.

"மாமா! இன்னொரு கரண்டி ஊத்துங்க! சீக்கிரம்!"

பந்தி அழுகையை நிறுத்தியது.

பாப்பாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள். கட்டு நினைவுக்கு வந்து உட்கார்ந்தபடியே கத்தினாள். "கேட்டது யாரு? எல்லாரும் கேட்டுக்குங்க! என் தம்பி வாய் தெறந்து கேட்டுட்டான்! இன்னொரு கரண்டின்னு கேட்டுட்டான்!"

தனபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, அது... நான் திங்கறதுக்கா கேட்டேன்? மூக்குக்குத்தான கேட்டேன்."

"மூக்குக்குக் கேட்டியோ முட்டிக்குக் கேட்டியோ, கேட்டது கேட்டதுதான். காடு உங்க மாமனுக்கு."

"பாபாவா, மாமாவா? அதச் சொல்லச் சொல்லுங்க மொதல்ல!" என்று வரிசையின் கோடியிலிருந்து சுமித்ரா சிரித்தாள். புருஷன் வாயிலிருந்து அந்தச் சொல் சுத்தமாக வந்து அவள் கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

மாதேஸ்வரன் குனிந்து கரண்டியை எடுத்தான். டின்னில் முக்கினான். மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் போய் நின்று, இந்தத் தடவை விளிம்பு தட்டும்வரை நிறைத்து, நிதானமாக ஊற்றினான். கரண்டியிலிருந்து கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தான். தனபாலால் மீதி வைக்க முடியாது. ஊரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஆள் அவன்தான். அவன் முடித்தால்தான் மற்றவர்கள் எழ முடியும்.

"சாப்புடு சாமி, சீக்கிரம் சாப்புடு" என்றார் பூசாரி. "எனக்குத் தண்ணித் தொட்டியில போய் மூஞ்ச முக்கோணும்."

தனபால் சாப்பிட்டான். அழுதான், தும்மினான், சிரித்தான், சாப்பிட்டான்.

பந்தி கலைந்ததும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. மிளகுக் கொடியை முகர்ந்தான். பலாவை முகர்ந்தான். குழந்தைகளின் தலையை முகர்ந்தான். சசிகுமாரின் பைக்கைக்கூட முகர்ந்துவிட்டு, "பெட்ரோலு!" என்று கண் கலங்கினான். சுமித்ரா அவன் பின்னாலேயே நடந்தாள். எங்கே போகப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, "ஊட்டுக்கு வாங்க, அங்கயும் நெறையா இருக்குது மோந்து பாக்கறதுக்கு" என்று அழைத்துப் போனாள்.

மாதேஸ்வரன் தன் காட்டு வரப்பில் போய் உட்கார்ந்தான். அறுத்த பயிரின் அடித்தட்டைகள் மட்டும் நின்றன. மடியிலிருந்த கிழிந்த காகிதத்தை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தான். விடை தெரிந்த பிறகு அந்தச் சொல் சின்னதாகிவிட்டது. தொலையட்டும். இன்னும் ஒன்று இருக்கிறது. கொன்றது தம்பியா, கணக்குப்பிள்ளையா? அதை இனி யாரிடமும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம் கேட்டது. தனபால். மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. தூரத்தில் அவன் வீட்டுப் பக்கமிருந்து சுமித்ரா சிரிக்கும் சத்தமும், கூடவே ஒரு கிடாய் கத்தும் சத்தமும் வந்தன.

"பாபா," என்றான் அவன், விரலை எடுக்காமலே, "இத மறுபடி அடைக்கறதுக்கு ஏதாச்சும் எண்ணெய் இருக்குதுங்களா?"

மாதேஸ்வரன் மலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.